புகைக் கொட்டில்

கண்டறியாத கொட்டில் இது, நிமிர்ந்து நிண்டால் தலை இடிக்குது, குந்தினால் சீலை ஊத்தையாகுது, அதுவும் என்ர மகள் நிவேதி பாத்துப் பாத்து எடுத்துத் தந்த சீலை, சந்தன நிறம், கரையில சிவப்பு வேண்டாம் பிள்ளை எண்டு நான் சொல்லச் சொல்லக் கேக்காமல் சிவப்புக் கரையோடதான் வாங்கினவள், இப்ப அந்தக் கரை ஆரோ வெள்ளைக்காரற்ர பழங்கரியில இழுபடுது. இழுபடட்டும். கொஞ்ச நேரம்தானே. ஸ்பீக்கரில மேளம் போகுது, ஐயற்ர மந்திரம் இடைக்கிடை காத்தில வருது, பிள்ளை இன்னும் கூறைச் சீலை மாத்தி வரேல்லைப் போல, கூறை மாத்தி வந்து, தாலியைச் சபைக்குக் காட்டி, பேந்துதான் கட்டு. அது முடியுமட்டும் இதுக்குள்ள இருந்தால் காணும். பேந்து மெல்லமா வெளிக்கிட்டுப் போய், கக்கூசுக்குப் போனனான், வழி மாறிப் போச்சு எண்டு சொன்னால் ஆர் என்னத்தைக் கேக்கப் போகினம். வயசு போன மனுசி வழி மாறினால் சனம் நம்பும், ஐயோ பாவம் எண்டும் சொல்லும். நிவேதி நம்புவாளோ? அவள் நம்பாள். அதை இப்ப யோசிக்கக் கூடாது. புகை மணக்குது. எந்தக் காலத்துப் புகையோ, மரத்துக்குள்ள ஊறிப்போய்க் கிடக்கு. இதுக்குள்ளதான் பண்டியை வெட்டி இறைச்சியைத் தொங்கவிட்டுக் கீழ நெருப்பு மூட்டி நாள்கணக்காப் புகை போடுறவையாம், பனி மாரி முழுக்க வைச்சுச் சாப்பிட. மேல வளையில கொழுக்கியள் இன்னும் தொங்குது. மச்சம் மாமிசம் வாயில வைக்காதவள் நான், பெத்த பிள்ளையின்ர கலியாணத்தண்டு பண்டிக் கொழுக்கிக்குக் கீழ குந்திக்கொண்டிருக்கிறன். அவர் பாத்தால் விழுந்து விழுந்து சிரிப்பார். அவர் இருந்தால் நான் ஏன் இதுக்குள்ள வாறன். அவர் போய்ச் சேர்ந்தபடியால்தானே நான் தாலி இல்லாதவள், பிள்ளைக்குத் தாலி ஏறுற நேரம் எதிரில நிக்கக் கூடாதவள். யோசனை எங்க சுத்திப் போனாலும் கடைசியா அங்கதான் வந்து நிக்குது.

ஸ்காபரோவில மண்டபம் இல்லாமலோ இவள் இந்தக் காட்டுக்க கொண்டுவந்து கலியாணத்தை வைச்சவள். நாங்கள் கனடாவுக்கு வர எத்தினையோ தலைமுறைக்கு முந்தி கில்லிஸ் எண்ட ஒரு ஸ்கொட்லாந்துக் குடும்பம் கப்பலால இறங்கி, காட்டை வெட்டி, வெட்டின மரத்தையே நாலு பக்கமும் செதுக்கி, மூலைக்கு மூலை ஒண்டுக்குள்ள ஒண்டு கொழுவி அடுக்கிக் கட்டின வீடு. இடைவெளிக்குச் சுண்ணாம்பும் களிமண்ணும் அப்பியிருக்கு. முதல் முதல் வந்த சனம் எண்டு நான் ஒருக்காச் சொல்ல, அப்பிடிச் சொல்லக் கூடாதம்மா, அதுக்கு முந்தியே இஞ்ச ஆக்கள் இருந்தவை எண்டு நிவேதி திருத்தினவள். சரி, அவைக்குப் பிறகு வந்த சனம். வீட்டுக்கு அங்கால மாட்டுக் கொட்டில், ஆட்டுப் பட்டி, ஊத்துக்கு மேல பால் குளிரவைக்க ஒரு சின்னக் கொட்டில், நிலத்துக்குக் கீழ கிழங்கு போட்டு வைக்கிற அறை, எல்லாத்துக்கும் கடைசியா ஒதுக்குப்புறத்தில இந்தப் புகைக் கொட்டில். இப்ப காசு குடுத்துப் பாக்கிற இடம், கோடையில கலியாணத்துக்கு வாடகைக்கு விடுகினம். அவர் இருந்தால் சொல்லியிருப்பார், விறகை எரிக்காமல் அடுக்கி வைச்சுப்போட்டுக் காசு வாங்கிறாங்கள் எண்டு. இடம் பாக்க வந்தண்டு, பழங்காலத்துச் சட்டையும் தலையில வெள்ளைத் தொப்பியும் போட்ட ஒரு பெட்டை எங்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினது. வீட்டுக்குள்ள சுவரில அந்த கில்லிஸ் மனுசியின்ர படம் ஒண்டு, வாயை இறுக்கி மூடிக்கொண்டு, இப்பவே எழும்பி எங்களைக் கலைச்சுவிடுமாப் போல ஒரு பார்வை. புருசன் மரம் தறிக்கேக்க மரம் விழுந்து செத்துப் போனானாம், வந்த கொஞ்சக் காலத்திலேயே. மனுசி ஊருக்குத் திரும்பிப் போகேல்லை. நிலத்தைத் தானே திருத்தி, இந்தக் கொட்டிலையும் தானே அடுக்கி, பெத்த பெட்டையள் எல்லாரையும் அந்த வீட்டு முன்படியில வைச்சுத் தன்ர கையாலேயே மாப்பிளையளிட்டைப் பிடிச்சுக் குடுத்தவவாம். அந்தப் பெட்டை இங்கிலிசில சொன்ன அவ்வளவத்தையும் நிவேதி எனக்குத் திருப்பித் தமிழில சொன்னாள். எனக்கு விளங்கினது எண்டு அவளுக்குத் தெரியும். தெரிஞ்சும் சொன்னாள், சொல்லிப்போட்டு என்ர முகத்தைப் பாத்துக்கொண்டு நிண்டாள். நான் கக்கூசு எந்தப் பக்கம் எண்டு கேட்டன். அண்டைக்கு முழங்கால் சரியான நோ, நிண்டு கதை கேக்கிற நிலைமையில நான் இல்லை.

கையில என்ன பிசுபிசுக்குது. மஞ்சள் அரிசி. ஆசீர்வாதத்துக்கு வைச்ச அறுகரிசித் தட்டில இருந்து ஒரு பிடி அள்ளிக்கொண்டு வந்திட்டன், ஏன் அள்ளினன் எண்டு எனக்கே தெரியேல்லை, கை தன்ர பாட்டில அள்ளிப்போட்டுது. வேர்வையில மஞ்சள் கரைஞ்சு உள்ளங்கை எல்லாம் மஞ்சள். மற்றக் கை நெத்திக்குப் போகுது, நெத்தியில ஒண்டும் இல்லை, இருந்தும் போகுது. காலமை அவள் வெளிக்கிடுற அவசரத்திலும், தலையில பூ வைச்சபடி, என்னை இழுத்து வைச்சு ஒரு பொட்டை எடுத்து என்ர நெத்தியில ஒட்டினாள். கறுப்பில்லை, அரக்கு. இண்டைக்கு மட்டும் அம்மா எண்டாள். நான் வாய் திறக்க முந்தி என்ர ரெண்டு தோளையும் பிடிச்சாள், அவளின்ர கை குளிர்ந்துபோய்க் கிடந்தது, மருதோண்டி மணந்தது.

"அப்பாதான் இல்லை. நீங்களும் முன்னுக்கு இல்லையெண்டால் நான் ஆற்ர பிள்ளை அம்மா?"

ஓம் எண்டன். முன்னுக்கு நிப்பன் எண்டன். சாமி சத்தியமா நிக்கத்தான் நினைச்சனான். கீழ வந்து முன்படியில நிறைகுடத்துக்குப் பக்கத்தில நிண்டு வாற ஆக்களுக்குச் சந்தனம் குடுத்துக்கொண்டும் இருந்தன். அப்பதான் பரிமளம் மச்சாள் வந்தா, அண்ணையின்ர மனுசி. தாய் தேப்பன் முறைக்கு இண்டைக்கு அவையள்தான் தாரை வார்க்கினம், நான் ஒண்டியா அந்தச் சடங்கைச் செய்யேலாதுதானே. மச்சாள் சந்தனத்தைத் தொட்டா, என்ர நெத்தியைப் பாத்தா, நிறைகுடத்தை மெல்லமா அங்கால நகர்த்தி வைச்சா. காத்துக்கு விழுந்திடும் எண்டா. காத்தே இல்லை. நான் நெத்திப் பொட்டை நுள்ளி எடுத்து விரல் நுனியில ஒட்டிக்கொண்டு, தட்டில கையை விட்டு அரிசியை அள்ளிக்கொண்டு, இந்தப் பக்கம் நடந்து வந்திட்டன். பொட்டு இந்தா, இந்த மரத்தில ஒட்டி வைச்சிருக்கிறன். கில்லிஸ் மனுசி அடுக்கின மரத்துக்குப் பொட்டு வைச்சாச்சு.

மச்சாளைக் குறை சொல்லிப் பிரயோசனம் இல்லை. அவவின்ர வயிறு எரிஞ்ச வயிறு. அண்ணையின்ர மூத்தவளின்ர கலியாணத்துக்கு நான் முன் வரிசையில நிண்டு பூவும் அரிசியும் போட்டனான், அவர் போய் அப்ப வருசம் திரும்பினதுதான், ஆரும் என்னை வேண்டாம் எண்டு சொல்லவும் இல்லை. அடுத்த மாரிக்குள்ள அந்த மருமோன் பெடியன் ஹைவேயில கார் வழுக்கிப் போய்ச் சேர்ந்தான். செத்த வீட்டில மச்சாள் சுவரில தலையை முட்டிக்கொண்டு குழறினா, எனக்குச் சொல்லேல்லை, சுவருக்குத்தான் சொன்னா, ஆனால் எனக்குக் கேக்கத்தக்கதாச் சொன்னா.

"தாலி ஏறேக்க எதிரில நிண்டது ஆர் எண்டு எனக்குத் தெரியும்."

விசர்க் கதை. ஐஸ் றோட்டில கார் வழுக்கினதுக்கு நான் என்ன செய்யிறது. நிவேதி அண்டைக்கு மச்சாளோட பெரிய சண்டை, அந்த வீட்டு வாசல்படி மிதிக்க மாட்டன் எண்டு ரெண்டு வருசம் மிதிக்கேல்லை. எனக்கும் விளங்குது, விசர்க் கதை எண்டு. பகலில விளங்குது. ஆனால் மாப்பிளை கெவின் இருக்கிறானே, அவனை நினைச்சால் விளங்கினது எல்லாம் எங்கயோ போயிடுது. நெட்டையன், செம்பட்டைத் தலை, வெய்யில் பட்டால் மூக்கு இறால் மாதிரிச் சிவக்கும். முதல் நாள் அவனை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வரேக்க நான் அறைக்குள்ள போய் இருந்தனான், உண்மையைச் சொன்னால் என்ன, எனக்கு அப்ப விருப்பமில்லை. இப்ப அப்பிடியில்லை. கத்தரிக்காய்ப் பால்கறிக்கு ரெண்டாந்தரம் கோப்பையை நீட்டுற பிள்ளை, மாமி எண்டு கூப்பிடத் தெரியாமல் 'மம்மி' எண்டு கூப்பிட்டு, நிவேதி சிரிக்க, முகம் சிவந்துபோய் நிண்ட பிள்ளை. போன மாரி முழுக்க என்ர வீட்டு வாசலில பனி தள்ளினது அவன்தான். நான் சொல்லாமலே வருவான், விடியவே வருவான். அவன் குனிஞ்சு தள்ள, நான் யன்னலுக்குள்ளால பாத்துக்கொண்டு நிப்பன். அதே வாசல். அவரும் அதிலதான், அதே பனிச் சவளோட, போதும் உள்ள வாங்கோ எண்டு நான் தேத்தண்ணி ஊத்திக்கொண்டு நிக்க, இந்தா முடிஞ்சுது எண்டு சொல்லிப்போட்டு நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு இருந்தவர் பேந்து எழும்பேல்லை. தேத்தண்ணி ஆறிப் போச்சு. கெவின் தள்ளேக்க நான் பாக்கிறது அவனை இல்லை, அவன்ர கையை. கை நெஞ்சுக்குப் போகுதோ எண்டு. ஒருக்கா ஜக்கெட் சிப்பை இழுக்கக் கை மேல போக, எனக்கு உயிர் போய் வந்தது. இதை நான் நிவேதிக்குச் சொல்லேல்லை. அவனில எனக்கு எவ்வளவு பட்சம் எண்டும் சொல்லேல்லை. எப்பிடிச் சொல்லுறது, சொன்னால் கண்பட்டுப் போகும். அவள் இன்னும் நான் அண்டைக்கு அறைக்குள்ள போய் இருந்ததைத்தான் வைச்சுக்கொண்டிருக்கிறாள். இண்டைக்கு என்னைக் காணேல்லை எண்டால் என்ன நினைப்பாள், அம்மாவுக்குப் பிடிக்கேல்லை, தாலி கட்டுறதைப் பாக்க மனமில்லாமல் எங்கயோ போய் இருக்கிறா எண்டுதானே நினைப்பாள். ஐயோ பிள்ளை, அப்பிடியில்லையடி. பிடிச்சபடியால்தான். அவன்ர உயிர் கெட்டியா இருக்கட்டும் எண்டுதான் உன்ர அம்மா இந்தப் பண்டிக் கொட்டிலுக்க குந்திக்கொண்டிருக்கிறாள்.

மேளம் நிண்டிட்டுது. பேந்து தொடங்குது. கூறை மாத்தி வந்திட்டாள் போல. ஒருக்காப் பாத்தால் என்ன. பாக்கிறது எதிரில நிக்கிறதில்லைத்தானே, இடையில மரம் இருக்கு. மரத்துக்கும் மரத்துக்கும் இடையில களி உதிர்ந்துபோய் விரல் அகலத்துக்கு ஒரு நீக்கல், கண்ணை வைச்சால் புல்வெளியும் வீட்டின்ர முன்படியும் சரிவாத் தெரியுது. முதல் தெரிஞ்சது ஒரு பெரிய முதுகு, கெவினின்ர மாமன்காரன், கமராவும் கையுமா ஆளையே மறைச்சுக்கொண்டு நிக்கிறார். விலகு ராசா. விலகினார். மணவறை தெரியுது, மரவீட்டு வாசலை அடைச்சுக்கொண்டு சிவப்பும் பொன்னும், அதுக்கு முன்னால என்ர பிள்ளை. கூறை எவ்வளவு வடிவு. தலை குனிஞ்சு இருக்கிறாள். இல்லை, குனியேல்லை, பக்கத்தில பாக்கிறாள். என்னத்தைப் பாக்கிறாள்? முன் வரிசையில ரெண்டு கதிரை, மற்றக் கதிரையளை விட்டு முன்னுக்கு இழுத்துப் போட்டிருக்கு. ஒண்டில அவர். அவற்ர படம். நயாகராவில எடுத்தது, தண்ணி தெறிச்சுக் கண்ணாடி நனைஞ்சு சிரிச்சுக்கொண்டு நிக்கிறார், அந்தப் படத்தைப் பெரிசாக்கி, மாலை போட்டு, கதிரையில இருத்தி வைச்சிருக்கிறாள். எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை. பக்கத்துக் கதிரையில என்ர ஊதாச் சால்வை மடிச்சுக் கிடக்கு. காலமை காரில மறந்து விட்டனான், எடுத்து வந்து எனக்கு இடம் பிடிச்சு வைச்சிருக்கிறாள். செத்துப்போன மனுசன் மாலையும் கழுத்துமா முன் வரிசையில இருக்கிறார், உயிரோட இருக்கிற நான் கொட்டிலுக்க.

கேட்டனான் எல்லே, அவள் ஏன் இந்த இடத்தைப் பிடிச்சவள் எண்டு. மரமண்டை, இப்பதான் உனக்கு விளங்குது. மண்டபத்துக்கும் இல்லை, மரத்துக்கும் இல்லை, படம் பிடிக்க வடிவு எண்டும் இல்லை. அந்த மனுசிக்காக. புருசன் செத்த பிறகும் பெட்டையளைத் தன்ர கையாலேயே பிடிச்சுக் குடுத்த மனுசி நிண்ட படியில நானும் நிக்க வேணும் எண்டு. கனடா முழுக்கத் தேடி எனக்கு நிக்க ஒரு படி கண்டுபிடிச்சிருக்கிறாள், வாயால சொன்னால் நான் கேக்க மாட்டன் எண்டு அந்தத் தொப்பிப் பெட்டையைக் கொண்டு சொல்லுவிச்சு, அதுக்கு மேல தமிழிலும் தான் சொல்லி, என்ர முகத்தைப் பாத்துக்கொண்டு நிண்டிருக்கிறாள். நான் கக்கூசு கேட்டனான். எழும்பு மலர். எழும்பு. கொஞ்சத் தூரம் புல்லு, நடந்தால் முடிஞ்சுது. மச்சாள் பாத்தால் பாக்கட்டும். ஆனால் கெவின். அவன்ர கை. ஹைவே. சுவர். எழும்பு எண்டால் எழும்பன், உன்ர பிள்ளையெல்லே பாத்துக்கொண்டிருக்கிறாள். எழும்பினன், தலை கொழுக்கியில இடிச்சுது, சீலைத் தலைப்பு ஒரு மரச் சிராயில கொழுவிப்போட்டுது, இழுக்க வருகுதில்லை, இழுத்தால் கிழியும், கிழிஞ்சால் அபசகுனம், மெல்லமா இழை இழையாக் கழட்ட வேண்டிக் கிடக்கு. பொட்டு, பொட்டை எடு. மரத்தால நுள்ளி எடுத்து நெத்தியில வைச்சு அமத்தினன், ஒட்டேல்லை, பழங்கரி பிடிச்சுப் பசை போச்சுது, எங்கயோ விழுந்திட்டுது. போகட்டும். கதவைத் தள்ளினன், வெய்யில் கண்ணில குத்துது, ஒரு கால் வெளியில வைச்சாச்சு, அந்த நேரம் பாத்து மேளம் கெட்டியா எழும்பிச்சுது.

அசையேலாமல் போச்சு. இப்ப போனால் சரியாத் தாலி ஏறுற நேரத்தில எதிரில போய் நிப்பன். இருந்ததை விட மோசம். ஒரு கால் புல்லில, ஒரு கால் கொட்டிலுக்க, கையை விரிச்சு அரிசியை அந்தப் பக்கமா எறிஞ்சன், வேர்வையில கட்டியாப் போயிருந்த அரிசி என்ர காலடியிலயே விழுந்துது. நல்லா இருக்க வேணும், ரெண்டு பேரும் நல்லா இருக்க வேணும் எண்டு வாய் சொல்லிக்கொண்டே இருந்தது. சனம் கை தட்டுது, வெள்ளைக்காரச் சனம், அதுகளுக்குக் கை தட்டத்தானே தெரியும். அது ஓஞ்ச பிறகுதான் மற்றக் காலையும் தூக்கி வெளியில வைச்சன். இனி ஒண்டும் இல்லை, தாலி ஏறியாச்சு, இனி நான் போகலாம். ஊத்துக் கொட்டிலைக் கடந்து, ஆட்டுப் பட்டி வேலியைப் பிடிச்சுப் பிடிச்சு நடந்தன். முழங்கால் நோகுது. மாலை மாத்தினம், நெருப்பைச் சுத்தி வருகினம், நான் இன்னும் வேலியடியிலதான். கதிரையளுக்குப் பின்னால வந்து சேர, அவையள் பெரியாக்களிட்ட ஆசீர்வாதம் வாங்க வெளிக்கிட்டினம். முதல் கெவினின்ர தாய் தேப்பன். பேந்து அண்ணையும் மச்சாளும், மச்சாள் அழுதழுது அவன்ர தலையைத் தடவினா. பேந்து ரெண்டு பேரும் அந்தக் கதிரைக்கு வந்தினம். அவற்ர படத்துக்கு முன்னால முழங்காலில இருந்து, விழுந்து கும்பிட்டு, கால் இருக்க வேண்டிய இடத்தில புல்லைத் தொட்டுக் கண்ணில ஒத்தினாள் என்ர பிள்ளை. பாத்துப் பாத்து அவனும் அப்பிடியே செய்தான்.

எழும்பேக்க அவன்தான் என்னைக் கண்டான், உயரமெல்லே, எல்லாற்ர தலைக்கு மேலாலயும் கண்டான். முகமெல்லாம் சிரிப்பு. அவளின்ர கையைப் பிடிச்சு இழுத்தான்.

"நிவி, அந்தா மாமி."

சரியாச் சொன்னான், முதல் தரம். அவள் திரும்பிப் பாத்தாள். கரி பிடிச்ச சீலையைப் பாத்தாள், வெறும் நெத்தியைப் பாத்தாள், மஞ்சள் கையைப் பாத்தாள். கோவம் இருந்தால் தாங்கியிருப்பன், கோவத்தில அவள் என்னைப் போலத்தான், வெடிச்சுப்போட்டு ஆறிடுவாள். கோவம் இல்லை. ஒண்டுமே இல்லை. வாறன் பிள்ளை எண்டு சொல்ல வாய் எடுத்தன். அவள் கெவினின்ர கையை விடாமல் மெல்லமா அவனைத் திருப்பி, பக்கத்துக் கதிரைக்கு முன்னால முழங்காலில இருந்தாள், ஊதாச் சால்வைக்கு முன்னால. விழுந்து கும்பிட்டு, கால் இருக்க வேண்டிய இடத்தில புல்லைத் தொட்டுக் கண்ணில ஒத்தினாள். அப்பாவுக்குச் செய்தது போலவேதான் செய்தாள்.